காதலியாகிப்போன போர் நிருபர்

மார்த்தா கெல்ஹார்னின் முதல் போர்க் கட்டுரை 1937 ஜூலையில் அமெரிக்காவின் 'காலியர்ஸ்' வார இதழில் வெளியானது. அதே ஆண்டின் பிற்பகுதியில், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஸ்பெயினில், மாட்ரிட் நகரின் ஃப்ளோரிடா ஓட்டலில் அறை எடுத்துத் தங்கியிருந்த எர்னெஸ்ட் ஹெமிங்வே 'ஐந்தாம் படை' என்று ஒரு நாடகம் எழுதினார். அதில் டாரதி பிரிட்ஜஸ் என்றொரு அமெரிக்கப் பெண் நிருபர் வருகிறாள். உயரமானவள், பொன்னிறக் கூந்தல், வசதியான குடும்பம், நல்ல படிப்பு. ஆனால் சோம்பேறி. தான் எழுத வந்த போர் எதைப் பற்றியது என்பது அவளுக்குக் கடைசிவரை புரிவதில்லை. முற்றுகைக்குள் சிக்கிய நகரம் ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறது; அவள் வெள்ளி நரித்தோல் மேலாடை வாங்கிவந்து அழகு பார்க்கிறாள். நாடகத்தின் நாயகன், ரகசிய உளவாளி, அவளை அனுபவித்துவிட்டுக் கடமைக்காகக் கைவிடுகிறான்.

டாரதியின் அசல் யார் என்பதில் அன்றைக்கே யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. கெல்ஹார்ன் போர் நிருபராக அறியப்பட்டு ஓராண்டுகூட ஆகாத நிலையில், கதாபாத்திரமாக ஆகிவிட்டிருந்தார். அதுவும் காதலிக்கும் ஒருவரின் கையால். மூன்று ஆண்டுகள் கழித்து வந்த 'யாருக்காக மணி ஒலிக்கிறது' நாவலை ஹெமிங்வே அவருக்குத்தான் சமர்ப்பணம் செய்தார். அந்த நாவலும் ஸ்பெயின் உள்நாட்டுப் போரைப் பற்றியதுதான். அதில் பெண் நிருபர் யாருக்கும் சொல்லிக்கொள்ளும்படியான இடம் கிடையாது.

அதற்குப் பிறகு கெல்ஹார்னைப் பற்றிய புனைவுகள் நிறைய வந்துவிட்டன. 2012-இல் பிலிப் காஃப்மன் இயக்கிய தொலைக்காட்சிப் படத்தின் பெயர் 'ஹெமிங்வே அண்ட் கெல்ஹார்ன்'. நிக்கோல் கிட்மன் நடித்தார். 2014-இல் நவோமி வுட்டின் 'மிஸஸ் ஹெமிங்வே', நான்கு மனைவிகளின் கதை. 2018-இல் மட்டும் இரண்டு நாவல்கள்: பவுலா மெக்லேனின் 'லவ் அண்ட் ரூயின்', மெக் வெயிட் கிளேட்டனின் 'பியூட்டிஃபுல் எக்ஸைல்ஸ்'. தலைப்புகளைப் பார்த்தாலே போதும், கதையின் முதுகெலும்பு எது என்று விளங்கிவிடும். 'கடலும் கிழவனும்' வழியாக ஹெமிங்வேயை அறிந்த தமிழ் வாசகருக்கும், கெல்ஹார்ன் என்ற பெயர் எங்காவது எட்டியிருந்தால், அது அவருடைய மூன்றாம் மனைவி என்ற வகையில்தான் எட்டியிருக்கும். இத்தனைக்கும் அந்தத் திருமணம் 1940 நவம்பர் முதல் 1945 வரை, ஐந்தாண்டுகள்தான். நிருபர் வேலை ஏறத்தாழ அறுபதாண்டுகள்.

இதைப் பெண்ணிய மனக்குறையாக மட்டும் சொல்லி முடித்துவிடலாம். என் குறை வேறு. போர்க்காலப் பெண் நிருபரை நாயகியாக்கும் வரலாற்றுப் புனைவு அவள் யாரைக் காதலித்தாள், எப்படி ஆபத்தைக் கடந்தாள், எந்தக் குண்டுக்குத் தப்பினாள் என்றெல்லாம் சொல்கிறது. அவள் எப்படி எழுதினாள் என்பதை மட்டும் காட்டுவதில்லை. தட்டச்சுப்பொறி மேசைமேல் இருக்கும். அடுத்த காட்சியில் கட்டுரை அச்சாகிவிட்டிருக்கும். இடையில் என்ன நடந்தது? எதைப் பார்த்தாள், பார்த்ததில் எதை விட்டாள், எந்த வரியைத் தணிக்கை அதிகாரி அடித்தார், எதை எழுதக் கை வரவில்லை? நாவலுக்கென்றே காத்திருக்கும் விஷயங்கள் இவை.

மாட்ரிட்டையே எடுத்துக்கொள்வோம். 1908-இல் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்த கெல்ஹார்ன் ஸ்பெயினுக்குப் போனபோது போர் நிருபர் அல்ல. பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் ரூஸ்வெல்ட் அரசின் நிவாரணத் துறைக்காக ஊர் ஊராகச் சென்று, வேலை இழந்தவர்களின் நிலையை நேரில் கண்டு அறிக்கை எழுதியவர். ஐடஹோவில், ஒப்பந்தக்காரரிடம் ஏமாந்த தொழிலாளர்களை அலுவலகக் கண்ணாடிகளை உடைக்கத் தூண்டியதற்காக வேலை போனது. அந்த அனுபவத்திலிருந்து 1936-இல் 'தி டிரபிள் ஐவ் சீன்' என்ற நூல் பிறந்தது. எச். ஜி. வெல்ஸ் முன்னுரை தந்தார். 1937 மார்ச்சில் ஸ்பெயின் எல்லையைக் கடக்கும்போது அவர் கையில் இருந்தது 'காலியர்ஸ்' ஆசிரியர் குழுவிலிருந்து ஒரு நண்பர் தந்த கடிதம். அதிகாரிகள் கேட்டால் காட்டுவதற்கு. மற்றபடி அவரை யாரும் எதையும் எழுதச் சொல்லி அனுப்பவில்லை.

மாட்ரிட்டில் சில வாரங்கள் அவர் ஒன்றும் எழுதவில்லை. மருத்துவமனைகளுக்குப் போனார், ஸ்பானிய மொழி கற்றார், மற்ற நிருபர்களோடு போர்முனைக்குப் போய்வந்தார். எழுதலாமே என்று ஒரு பத்திரிகை நண்பர் சொன்னபோது, எனக்கு ராணுவ விஷயம் என்ன தெரியும், ஏதாவது பெரிதாக நடந்தால்தானே எழுத முடியும் என்று கேட்டிருக்கிறார். மாட்ரிட்டைப் பற்றி எழுது என்றார் நண்பர். அதில் என்ன செய்தி இருக்கிறது, தினசரி வாழ்க்கைதானே என்றார் இவர். இந்தத் தினசரி வாழ்க்கை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பது நண்பரின் பதில். பிற்பாடு தன் போர்க் கட்டுரைகளைத் தொகுத்து 1959-இல் 'தி ஃபேஸ் ஆஃப் வார்' நூலாக வெளியிட்டபோது, முன்னுரையில் இதைச் சொல்கிறார்.

இப்படி எழுதப்பட்டதுதான் மாட்ரிட் குண்டுவீச்சுக் கட்டுரை. அதில் ஒரு காட்சி. சதுக்கத்தில் குண்டுகள் விழுகின்றன. தோளில் சால்வை போர்த்திய கிழவி ஒருத்தி, பயந்துபோன மெலிந்த சிறுவனின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள். எப்படியாவது பிள்ளையை வீடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும், நம் வீடு என்றால் நமக்குப் பாதுகாப்புத்தானே என்று அவள் நினைப்பதைக் கட்டுரை சொல்கிறது. கிழவி சதுக்கத்தின் நடுவுக்கு வரும்போது அடுத்த குண்டு. சிதறிய இரும்புத்துண்டு ஒன்று சிறுவனின் கழுத்தில் பாய்கிறது. செத்த குழந்தையின் கையை விடாமல், ஒன்றும் சொல்லாமல், விழித்தபடி நிற்கிறாள் அவள். ஆட்கள் ஓடிவருகிறார்கள், பிள்ளையைத் தூக்கிக்கொள்ள.

இதில் என்னை நிறுத்துவது ரத்தம் அல்ல. கிழவி என்ன நினைத்தாள் என்பது நிருபருக்கு எப்படித் தெரியும்? பேட்டி எடுக்கவில்லை, எடுத்திருக்கவும் முடியாது. தூரத்திலிருந்து ஓட்டத்தைப் பார்த்து, நெஞ்சில் ஓடுவதை ஊகித்து, ஊகத்தை உண்மையின் தொனியில் எழுதிவிட்டார். அது நாவலாசிரியரின் உரிமை. வாசகர் ஏற்றுக்கொள்கிறார், ஏனென்றால் அந்த எண்ணம் யாருக்கும் வரக்கூடியது. படைப்பிரிவு எண்கள், தளபதிகளின் பெயர்கள் எல்லாம் மறந்துபோகும். இந்தக் கிழவி மறக்கமாட்டாள். ஆனால் இது கத்திமேல் நடக்கும் வேலை. கெல்ஹார்ன் ஒருமுறை கால் தவறியவர்.

1936 ஆகஸ்டில், ஸ்பெயினுக்குப் போவதற்கு முன், லண்டனின் 'ஸ்பெக்டேட்டர்' இதழில் 'ஜஸ்டிஸ் அட் நைட்' என்ற கட்டுரை வந்தது. மிசிசிப்பியில் ஒரு கறுப்பின இளைஞனை வெள்ளையர் கூட்டம் மரத்தில் தொங்கவிட்டுக் கொன்றதை நேரில் பார்த்ததாக எழுதியிருந்தார். வலுவான எழுத்து, வேறு பத்திரிகைகள் மறுபிரசுரம் செய்தன. அமெரிக்க செனட் குழு முன் சாட்சி சொல்ல வாருங்கள் என்று அழைப்பு வந்ததும்தான் சிக்கல் தொடங்கியது. அந்தக் கொலையை அவர் பார்த்ததே இல்லை. வழியில் சந்தித்தவர்கள் சொல்லக் கேட்டதை, தான் அங்கே நின்றதுபோல் எழுதியிருந்தார். அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் அதை ஒப்புக்கொண்டார். மனைவியா நிருபரா என்ற இழுபறியைப் பக்கம் பக்கமாக எழுதுகிற புனைவாசிரியர்களுக்கு இந்தச் சம்பவத்தின்மீது ஏனோ பெரிய ஆர்வம் இல்லை. கற்பனைக்கும் சாட்சிக்கும் இடையில் மாட்டிக்கொண்ட இருபத்தேழு வயது எழுத்தாளர். அதன்பின் வாழ்நாள் முழுக்க, தான் கண்ணால் கண்டதைத் தவிர எதையும் நம்பமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர். இந்த இரண்டுக்கும் உள்ள உறவை ஒரு நாவல் தேடியிருந்தால், ஃப்ளோரிடா ஓட்டல் காதலைவிட ஆழமான இடத்துக்குப் போயிருக்கும்.

இனி அனுமதிச் சீட்டு விஷயம். இரண்டாம் உலகப்போரில் பெண் நிருபர்கள் பட்ட பாட்டுக்கு மையம் இதுதான். அமெரிக்க ராணுவத்தின் அதிகாரபூர்வ அங்கீகாரம் பெற்ற அமெரிக்கப் பெண் நிருபர்கள் குறைந்தது 127 பேர். அங்கீகாரம் இருந்தால் சீருடை உண்டு, ராணுவ உணவு உண்டு, செய்தி அனுப்ப வழி உண்டு. போர்முனைக்குப் போக மட்டும் அனுமதி இல்லை. ராணுவத்தில் பெண்கள், அதாவது செவிலியர், எதுவரை போகிறார்களோ அதுவரைதான் பெண் நிருபரும் போகலாம். காரணம் கேட்டால் வந்த பதில்களில் அடிக்கடி வந்தது கழிப்பறை. முன்னணியில் பெண்களுக்குத் தனி வசதி இல்லையாம். பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரிக்கு அந்தச் சாக்கும் தேவைப்படவில்லை. தன் படையோடு பெண்களே கூடாது என்றார். 1939 ஆகஸ்டு இறுதியில், வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், போலந்து எல்லையில் ஜெர்மன் டாங்குகள் குவிந்திருப்பதைக் கண்டு உலகுக்கு முதலில் சொன்னவர் 'டெய்லி டெலிகிராப்' நிருபர் கிளேர் ஹாலிங்வொர்த். சாலையோரம் கட்டியிருந்த சாக்குத் திரைகளைக் காற்று தூக்கியபோது அவர் கண்ணில் பட்டவை அவை. அப்படிப்பட்டவரையும் வட ஆப்பிரிக்காவில் மான்ட்கோமரி முன்னணியிலிருந்து திருப்பி அனுப்பினார்.

'வோக்' இதழின் புகைப்பட நிருபர் லீ மில்லர் 1944 ஆகஸ்டில், சண்டை முடிந்துவிட்டது என்ற தவறான தகவலின் பேரில் பிரான்சின் செயின்ட் மாலோவுக்கு அனுப்பப்பட்டார். போய்ச் சேர்ந்தால் நடுச் சண்டை. படம் எடுத்துத் தள்ளினார். தடைப் பகுதிக்குள் போன குற்றத்துக்காக ராணுவம் அவரைச் சில நாள் வீட்டுக் காவலில் வைத்தது. கொரியப் போரிலும் இதே கதை தொடர்ந்தது. 1950 ஜூலையில் மார்கரெட் ஹிக்கின்ஸைப் போர்முனையைவிட்டு வெளியேறச் சொன்னார் ஜெனரல் வாக்கர். மெக்ஆர்தர் தலையிட்டு அந்த உத்தரவை ரத்துசெய்தார். மறு ஆண்டு ஹிக்கின்ஸுக்குப் புலிட்சர் பரிசு.

கெல்ஹார்னின் விஷயத்தில் இந்த விதி வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது. 1943-இல் அவர் கியூபாவில் இருந்த வீட்டைவிட்டு ஐரோப்பாவுக்குக் கிளம்பியதில் ஹெமிங்வேக்குக் கடுங்கோபம். மனைவியா, போர் நிருபரா என்று கேட்டுத் தந்தி அடித்தவர், 1944-இல் தானே 'காலியர்ஸ்' இதழுக்கு எழுத முன்வந்தார். அவர் எந்தப் பத்திரிகையை வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்திருக்கலாம். யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். ஓர் இதழுக்கு முன்னணியில் ஒரு நிருபர்தான் என்பது ராணுவக் கணக்கு. கெல்ஹார்னின் இடம் போனது. கணவர் விமானத்தில் லண்டன் போனார். மனைவி, வெடிமருந்து ஏற்றிய சரக்குக் கப்பலில் ஒரே பயணியாக அட்லாண்டிக்கைக் கடந்தார்.

ஜூன் 6 நார்மண்டி தரையிறக்கம். அன்றிரவு ஆங்கிலத் துறைமுகம் ஒன்றில் நின்ற மருத்துவமனைக் கப்பலில், செவிலியரைப் பேட்டி காண வந்ததாகக் காவலரிடம் சொல்லி ஏறிய கெல்ஹார்ன், கப்பல் புறப்படும்வரை கழிப்பறைக்குள் தாளிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்களுக்கு இல்லை என்று சொல்லப்பட்ட அதே வசதிதான். மறுநாள் இரவு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, காயம்பட்டவர்களைத் தூக்கும் குழுவோடு ஒமாஹா கடற்கரையில் கால் வைத்தார். ஹெமிங்வே முதல் நாள் படகிலிருந்தபடி கரையைப் பார்த்தார், கரை இறங்கவில்லை.

ஜூலை 22 தேதியிட்ட 'காலியர்ஸ்' இதழில் இருவரின் எழுத்தும் வந்தது. ஹெமிங்வேயுடையது பெரியது: படகு, அலை, வரைபடம், எந்தக் கரை எது என்று குழம்பும் இளம் அதிகாரி, அவருக்குத் துணையாக நம் எழுத்தாளர். கெல்ஹார்னுடையது சிறியது. அவருடைய நீண்ட கட்டுரை ஆகஸ்டில்தான் வந்தது. அந்தக் கட்டுரையை இன்று படித்தால் வியப்பாக இருக்கிறது. கழிப்பறையில் ஒளிந்தது அதில் இல்லை. இருக்க முடியாது, எழுதியிருந்தால் அது வாக்குமூலம். அதைவிட, 'நான்' என்பதே பெரும்பாலும் காணவில்லை. நானூறுக்கும் மேற்பட்ட படுக்கைகளில் புதுப் போர்வைகள் விரித்துக் காத்திருக்கும் வெள்ளைக் கப்பல். நான்கே மருத்துவர்கள். காயம்பட்டவர்களின் பூட்ஸை வெட்டி எடுக்க ஆகும் நேரம். கட்டுகளுக்கு நடுவே வாய் மட்டும் தெரியும் ஒருவனுக்குத் தேநீர்க் கெண்டியின் மூக்கு வழியாகக் காபி ஊற்றுவது. பக்கத்துப் படுக்கைக்காரனுக்கு முதலில் பாருங்கள் என்கிற சிப்பாய்கள். கப்பலில் நடக்கும் வேலையின் மீதே கண் இருக்கிறது; எழுதுகிறவரும் அந்த வேலையில் ஒரு கை.

இந்த இடத்தில் வரலாற்றுப் புனைவுக்கு நியாயமான ஒரு வேலை இருக்கிறது. கட்டுரையில் சொல்ல முடியாமல் போனதை நாவல் சொல்லலாம். கழிப்பறைக்குள் தாளிட்டு உட்கார்ந்த அந்த மணிக்கணக்கான நேரம் புனைவாசிரியருக்குக் கிடைத்த வரம். 'லவ் அண்ட் ரூயின்' மார்த்தாவின் குரலில், தன்மையில் சொல்லப்படும் நாவல். மெக்லேன் கவனமான எழுத்தாளர், தகவல்களைத் தேடிச் சேர்த்திருக்கிறார். ஆனால் நார்மண்டிக்கு வரும்போது நாவல் ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிடுகிறது. ஏனென்றால் திருமணம் முடிவுக்கு வருகிறது. போரின் மிகப்பெரிய நாளே கணவனைத் தாண்டிவிட்ட மனைவியின் வெற்றியாகச் சுருங்கிப்போகிறது. வாசகர் கைதட்டலாம்; தேநீர்க் கெண்டியை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

அசல் மார்த்தாவோ அந்தக் காதல் கதையை வேறுவிதமாகப் பயன்படுத்திக்கொண்டார். அனுமதியில்லாமல் கடல் தாண்டியதற்காக அவரை ராணுவக் காவலர்கள் பிடித்து, இங்கிலாந்தில் செவிலியர் பயிற்சி முகாம் ஒன்றில் அடைத்தார்கள். வேலி ஏறிக் குதித்துத் தப்பினார். இத்தாலிக்குப் போகும் விமானத்தின் ஓட்டியிடம், அங்கே என் வருங்காலக் கணவர் இருக்கிறார், பார்க்க வேண்டும் என்று கண்ணீர்க் கதை சொல்லி ஏறிக்கொண்டார் என்கின்றன அவருடைய வாழ்க்கை வரலாறுகள். நிருபர் என்று சொல்லியிருந்தால் ஏற்றியிருக்க மாட்டார்கள். அதன்பின் போர் முடியும்வரை அங்கீகாரம் இல்லாமலே, படைப்பிரிவுகளின் தயவில் ஒட்டிக்கொண்டு ஐரோப்பா முழுக்க எழுதினார்.

மெக் வெயிட் கிளேட்டனின் 2015 நாவல் 'தி ரேஸ் ஃபார் பாரிஸ்' இந்த அனுமதிச் சீட்டையே கதையாக்க முயன்றது. உண்மைப் பெயர்கள் கிடையாது. நார்மண்டியின் கள மருத்துவமனையில் முடக்கப்பட்ட ஜேன் என்ற நிருபரும் லிவ் என்ற புகைப்படக்காரரும் விதியை மீறி ஓடுகிறார்கள். 1944 ஆகஸ்டு 25 அன்று பாரிஸ் விடுதலையாவதற்குள் அங்கே போய்ச் சேரவேண்டும். ராணுவக் காவலர் பின்னால் துரத்துகிறார்கள். கற்பனைப் பெயர்கள் தந்த சுதந்திரம் நன்றாகத் தெரிகிறது: பசி, அழுக்கு, மாதவிடாய், படச்சுருளை எப்படி அனுப்புவது என்ற கவலை எல்லாம் இடம்பெற முடிகிறது. பிரபலமான கணவர் யாரும் பக்கத்தில் நின்று வெளிச்சத்தைப் பிடுங்கவில்லை. இருந்தும் பிரிட்டிஷ் புகைப்படக்காரர் ஒருவரை வைத்து ஒரு முக்கோணக் காதலைக் கட்டாமல் இருக்க ஆசிரியரால் முடியவில்லை. பதிப்பகங்கள் இந்த வகை நாவலுக்கு அட்டை போடும்போது கோட்டு போட்ட பெண்ணின் முதுகையும் தூரத்தில் ஈஃபில் கோபுரத்தையும் தேடுகிற காலத்தில், ஆசிரியரை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல.

கெல்ஹார்ன் தன்னைப் போன்ற ஒரு நிருபரை நாயகியாக வைத்து எழுதிய நாவல் 'எ ஸ்ட்ரிக்கன் ஃபீல்ட்', 1940-இல் வந்தது. களம் 1938 அக்டோபர் பிராக். மியூனிக் ஒப்பந்தம் முடிந்து, சூடெட்டன்லாந்து ஹிட்லரின் கைக்குப் போய்விட்டது. அங்கிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் தப்பி வந்த அகதிகளை, பயந்துபோன செக் அரசு திருப்பி அனுப்புகிறது. மேரி டக்ளஸ் என்ற அமெரிக்க நிருபர் நகருக்கு வருகிறாள். வந்த இடத்தில் அவளுடைய வேலை செல்லாக்காசு ஆகிவிடுகிறது. உலகம் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டது. புதிதாக ஒரு கட்டுரை எதையும் மாற்றாது. சர்வதேச சங்கத்தின் உயர் அதிகாரியைப் பிடித்து, நாடுகடத்தலைச் சில நாளாவது தள்ளிப்போடுங்கள் என்று கெஞ்சுகிறாள். கெல்ஹார்னே பிராக்கில் இதைச் செய்து தோற்றவர்.

நாவலின் மையத்தில் இருப்பது மேரி அல்ல; ரீட்டா என்ற ஜெர்மன் அகதிப் பெண். அவளுடைய காதலன் பீட்டரைச் சித்திரவதை செய்யும் சத்தத்தை ரீட்டா ஒளிந்திருந்து கேட்கும் அத்தியாயம் ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் நிருபர் இல்லை. மேரி அதைப் பார்க்கவும் இல்லை, பார்த்திருக்கவும் முடியாது. நான் முன்பு சொன்ன அந்தப் பழைய தவறுக்கு இங்கேதான் விடை கிடைக்கிறது என்று நினைக்கிறேன். பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சொல்லி 1936-இல் கட்டுரை எழுதியவர், 1940-இல் அதே மாதிரிக் கொடுமையை நாவலுக்குள், நிருபரின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் வைத்தார். மேரிக்கு நூலில் இருப்பது குற்றவுணர்ச்சியும் கடவுச்சீட்டும்தான். அகதிகள் எல்லையில் திருப்பப்படுகிறார்கள். அவள் விமானம் ஏறுகிறாள். கிளம்பும்போது அகதிகளின் வாக்குமூலக் காகிதங்களை ஒளித்துவைத்துக் கொண்டுபோகிறாள். நாவல் என்ற வகையில் சில இடங்கள் தட்டையாகவே இருக்கின்றன. உரையாடல்கள் சில துண்டறிக்கைபோல் ஒலிக்கின்றன. இருந்தாலும் பெண் நிருபரை வீராங்கனையாக்கும் சலனம் துளியும் இல்லாத நூல். காதலன் ஒருவன் பாரிசில் இருக்கிறான், பேருக்கு.

காதலை அவர் எங்கே வைத்தார் என்றால், கேலி நாடகத்தில். போர் முடிந்த கையோடு, சக நிருபர் வர்ஜீனியா கௌல்ஸுடன் சேர்ந்து 'லவ் கோஸ் டு பிரஸ்' என்ற நகைச்சுவை நாடகத்தை எழுதினார். கௌல்ஸும் மாட்ரிட்டில் இருந்தவர், ஃபின்லாந்தில் இருந்தவர். 1944 இத்தாலியப் போர்முனையின் பத்திரிகையாளர் முகாமில், ஜேன், அனபெல் என்ற இரண்டு பெண் நிருபர்கள். ஆண் நிருபர்கள் குளிரில் புலம்பிக்கொண்டு, வராத செய்திக்காகக் காத்துக் கிடக்க, இவர்கள் இருவரும் போர்முனைக்குப் போய்ச் செய்தியோடு திரும்புகிறார்கள். அனபெலின் முன்னாள் கணவனும் அங்கே இருக்கிறான். அவளுடைய செய்திகளைத் திருடி எழுதிப் பெயர் வாங்கியவன். யாரென்று கண்டுபிடிக்கச் சிரமப்பட வேண்டாம். ஜேனைக் காதலிக்கும் பிரிட்டிஷ் அதிகாரி, கல்யாணமானதும் கிராமத்து மாளிகையில் குதிரைகளும் விருந்தாளிகளுமாக வாழலாம் என்று ஆசையோடு வர்ணிக்கிறான். அவளுக்குக் குலை நடுங்குகிறது. குண்டுக்குப் பயப்படாதவள். 1946-இல் லண்டனில் நன்றாக ஓடிய நாடகம், 1947 தொடக்கத்தில் நியூயார்க்கில் சில காட்சிகளோடு படுத்துவிட்டது. அச்சு நூலாக வர 1995 ஆகவேண்டியிருந்தது. மேடையில் இது இலகுவான நாடகம்தான். காவியம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் பெண் நிருபரின் காதலை இதற்குமேல் எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளலாம் என்பதில், அந்த வாழ்க்கையை வாழ்ந்த இருவரும் தெளிவாக இருந்திருக்கிறார்கள்.

1945 மே மாதம், விடுதலையாகிச் சில நாட்களே ஆன டாஹாவ் வதைமுகாமுக்குக் கெல்ஹார்ன் போனார். ஜெர்மனி சரணடைந்த செய்தி வந்தபோது அங்கேதான் இருந்தார். கட்டுரை ஜூனில் வந்தது. கைதிகளின் மீது மருத்துவர்கள் செய்த சோதனைகளை, உயரக் காற்றழுத்தச் சோதனை, உறைநீர்ச் சோதனை என, உயிர்பிழைத்த மருத்துவக் கைதி ஒருவர் விவரிக்க, பெரும்பாலும் குரல் உயர்த்தாமல் பதிவுசெய்த கட்டுரை அது. எழுதிய பிறகும் அந்த இடம் அவரை விடவில்லை. வாழ்நாள் முழுவதும் அதிலிருந்து மீளவில்லை என்று பிற்காலத்தில் சொன்னார்.

மூன்றாண்டு கழித்து அதை நாவலாக எழுதினார். 1948-இல் 'தி வைன் ஆஃப் அஸ்டானிஷ்மென்ட்' என்ற பெயரில் வந்தது. நாயகன் ஜேக்கப் லெவி. கெல்ஹார்னின் சொந்த ஊரான செயின்ட் லூயிஸிலிருந்து வந்த யூதச் சிப்பாய். யூதன் என்பதை நினைக்க விரும்பாமல், தளபதியின் ஜீப்பை ஓட்டிக்கொண்டு, போர் முடிந்து ஓர் ஓடைக்கரையில் வீடு கட்டுவதைக் கனவு காண்பவன். நாவலில் லக்ஸம்பர்க் பணிப்பெண் ஒருத்தி இருக்கிறாள், செஞ்சிலுவைச் சங்கப் பெண் ஒருத்தி இருக்கிறாள். பெண் நிருபர் இல்லை. டாஹாவுக்குப் போவது லெவி. கெல்ஹார்ன் பார்த்ததைப் பார்ப்பது அவன். திரும்பும் வழியில், முகாமுக்கு மிக அருகில் உள்ள ஊரில், தெருவில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் ஜெர்மானியர்கள்மீது ஜீப்பை ஏற்றுகிறான்.

தான் நேரில் கண்டவற்றிலேயே பெரியதை எழுதும்போது தன்னைப் போன்ற ஒருத்தியை அவர் ஏன் உள்ளே விடவில்லை? பெண் நிருபரின் கதையை யார் நம்புவார்கள், சிப்பாயின் கதைக்குத்தான் எடை என்ற அந்தக் கால இலக்கியக் கணக்கு ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. நிருபரின் கையில் நோட்டுப் புத்தகம்தான் உண்டு. டாஹாவைப் பார்த்தபின் செய்யத் தோன்றியதைச் செய்ய அது உதவாது. அதற்கு ஜீப் வேண்டும். பிராக்கில் மேரி டக்ளஸுக்குக் கடத்திச் செல்லக் காகிதமாவது இருந்தது. ஏழாண்டு கழித்து, காகிதத்தால் ஆவது என்ன என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லாமல் போயிருக்கிறது. தன் தொழிலின்மீதே அவநம்பிக்கை கொண்ட ஒரு பெண் நிருபர் என்பவர் நாவலுக்கு எவ்வளவு பெரிய பொருள்! அவரைப் பற்றி எழுதியவர்கள் இந்த நாவலிலிருந்து தொடங்கியிருக்கலாம்.

பதிப்பாளருக்குப் பிடிக்காததால் 1948-இல் கைவிட்ட தலைப்பை 1989 மறுபதிப்பில் கெல்ஹார்ன் திரும்பச் சூட்டினார்: 'பாயின்ட் ஆஃப் நோ ரிட்டர்ன்'. அந்த டிசம்பரில் அமெரிக்கப் படைகள் பனாமாவுக்குள் நுழைந்தன. 81 வயதில் அவர் அங்கே போய், குண்டில் வீடிழந்த ஏழைகளிடம் பேசிக் கட்டுரை எழுதினார்.